போனில் வந்த தடை

இராயபுரம்

அன்புள்ள கோவிந்தா,

உன் கடிதம் கிடைத்தது. ஓசூர்க் குளிர் உன் மூட்டுக்கு ஆகவில்லை என்பதைப் படித்து மனம் கஷ்டப்பட்டது. இங்கே எல்லோரும் நலம்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் நிருபர் தம்பியை உனக்கு நினைவிருக்கும். போன வாரம் தொலைக்காட்சி வேலையை விட்டுவிட்டான். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் முழுக்கக் கறுத்துப் போயிற்றே, அப்போது மூன்று நாள் அங்கேயே கிடந்தான். ஒரு நாள் இரவு பதினோரு மணிக்கு வந்தவன், துவைக்கிற கல்லருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மைக்கில் மாட்டும் சேனல் கட்டையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். நான் டார்ச் பிடித்தேன். காட்டுக்குப்பத்து அம்மா ஒருவர், எண்ணெய் அப்பிய கையாலேயே மைக்கை வாங்கிப் பேசினாராம். வலை போச்சு, நண்டு போச்சு, இறால் போச்சு என்று ஒவ்வொன்றுக்கும் விலை சொல்லி, நிறுத்தாமல் பேசினாராம். அந்தக் கட்டையில் அவருடைய ஐந்து விரலும் அப்படியே பதிந்திருந்தன. எவ்வளவு தேய்த்தும் ஓரத்தில் கறை போகவில்லை.

மறுநாள் விவாதத்தில் அவரை நாற்பது விநாடி காட்டினார்கள். மீதி நேரமெல்லாம் கட்சிக்காரர்கள் நால்வர், யார் ஆட்சியில் அதிக அநியாயம் என்று ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் கத்தினார்கள். தம்பி தயாரித்துக் கொடுத்த முழுத் தொகுப்பு வரவே இல்லை. "மேலே போன் வந்தது, இப்போதைக்கு வேண்டாம்" என்றார்களாம். பேசியது அரசாங்கமா, முதலாளியா, விளம்பரம் தருபவரா, அது அவனுக்கு இன்றுவரை தெரியாது. அதன்பிறகும் இப்படிப் பல செய்திகள். கடைசியில் அவனால் முடியவில்லை.

ராபின்சன் பூங்காக் கூட்டங்களுக்கு நாம் போன காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். 1949-இல் கொட்டும் மழையில் தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் நடந்த இடம் என்று உன் அப்பா பெருமையாகச் சொல்வார். கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் துண்டுச்சீட்டில் கேள்வி எழுதி மேடைக்கு அனுப்பலாம். ஒருமுறை நீ குடிநீர்க் குழாய் பற்றி எழுதி அனுப்பினாய்; பேச்சாளர் நிறுத்திப் படித்துப் பதில் சொன்னார். இன்றைய விவாதத்தில் அந்தச் சீட்டை யாரிடம் கொடுப்பது?

உயர் நீதிமன்ற வாசலில் முப்பது வருடம் மனு தட்டச்சு செய்தவன் நீ. 1950-இல் பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' வாரப் பத்திரிகையை நம் சென்னை அரசு மாநிலத்துக்குள் விடாமல் தடுத்த கதையை நீதான் எனக்குச் சொன்னாய். அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் அந்த ஆணையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போய், அதே வருடம் வென்றார். (அடுத்த வருடமே அரசியல் சட்டத்தைத் திருத்தி, பேச்சுரிமைக்குக் கூடுதல் வேலி போட்டுவிட்டார்கள்.) கேரளத்து மீடியா ஒன் சேனலுக்கு 2022-இல் மத்திய அரசு அனுமதியைப் புதுப்பிக்க மறுத்து, காரணத்தை முத்திரையிட்ட உறைக்குள் வைத்துக்கொண்டது. அங்கும் எதிர்த்து வழக்காட ஓர் ஆணையாவது இருந்தது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. போனில் வந்த ஒரு சொல்லுக்கு நகல் எங்கே வாங்குவது கோவிந்தா? எதைக் காட்டி மனுப் போடுவது? எனக்குத் தடையைவிட இதுதான் பயமாக இருக்கிறது.

ஒலிபரப்பு அலைகள் பொதுச்சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அப்படியானால் நாற்பது விநாடியில் வெட்டப்பட்டது அந்த அம்மாவின் பேச்சு மட்டுமா? அதைக் கேட்க எனக்கிருந்த உரிமையும்தானே?

அந்த அம்மா இன்னமும் தம்பிக்குப் போன் செய்கிறார். "எப்போது போடுவீர்கள்?" என்று கேட்கிறாராம். நேற்று அவன் எடுக்கத் தயங்க, நான் வாங்கிப் பேசினேன். வரும் ஞாயிறு இருவரும் காட்டுக்குப்பம் போகிறோம். அவர் சொல்வதை முழுவதும் எழுதிக்கொண்டு வரப்போகிறோம், விலை உட்பட. அதை ஒழுங்காகத் தட்டச்சு செய்ய உன்னைவிட்டால் எனக்கு யாரும் இல்லை. முடிந்தால் சனிக்கிழமை இரவே வந்துவிடு. மாடியேற வேண்டாம், கீழேயே படுக்கை போடச் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
சேகர்