கயிறு போட்டு அளந்த பிள்ளைகளுக்காக ஒரு திறந்த மடல்

வேலூர் மாவட்டத்தில் பள்ளிக்கல்வியையும் பொதுச் சுகாதாரத்தையும் கவனித்துவரும் மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் இரண்டு ஆண்டுகளாக இயங்கிவந்த மாணவர் நலக் குழு சென்ற மாதம் நிறுத்தப்பட்டதைத் தாங்கள் அறிவீர்கள். எழுத்தில் ஆணை எதுவும் இல்லை. "இனிமேல் வேண்டாம்" என்று வாய்மொழியாகச் சொன்னதோடு சரி. எடைக் கருவியும் பி.பி. கருவியும் அறைக்குள் வைத்துப் பூட்டப்பட்டன. வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளை கணக்குப் பாடத்துக்குப் போய்விட்டது. அந்தக் குழு மீண்டும் நடக்க எழுத்து மூலம் ஆணை தர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

அந்தக் குழுவில் இருந்தவர்கள் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேர். தங்களைவிட இளைய வகுப்புகளுக்குப் போய், சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் எப்படி வருகின்றன, பாக்கெட் தீனியில் எவ்வளவு உப்பு இருக்கிறது, ஒரு நாளில் ஒரு மணி நேரமாவது ஓடியாடுவது ஏன் தேவை என்பதையெல்லாம் தங்கள் பேச்சிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். முப்பது ஆண்டுகள் அறிவியல் ஆசிரியையாக இருந்த நான் சொல்லிக் கேட்காததை, தெருவில் கூட விளையாடும் அக்காவும் அண்ணனும் சொல்லிப் பிள்ளைகள் கேட்டதைக் கண்ணால் பார்த்தேன். 2004 முதல் 2006 வரை டெல்லியிலும் சென்னையிலுமாக 32 பள்ளிகளை எடுத்துக்கொண்டு 'மைத்ரி' என்ற பெயரில் புகையிலைத் தடுப்பு ஆய்வொன்று நடந்தது. மாணவர்களே முன்னின்று நடத்திய திட்டம் சென்ற பள்ளிகளில் புகையிலைப் பழக்கம் குறைந்தது. செல்லாத பள்ளிகளில் கூடியது. 2020-இல் மத்திய அரசு தொடங்கிய பள்ளி நல்வாழ்வுத் திட்டமும், பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களைப் பொறுப்பாக்கி, நலச் செய்தியைச் சக மாணவர்களிடம் கொண்டுசெல்லும் வேலையை மாணவர்களிடமே ஒப்படைக்கிறது. ஆகவே எங்கள் பிள்ளைகள் அரசு சொன்னதைத்தான் செய்தார்கள்.

குழு நின்றதற்குக் காரணமான நிகழ்ச்சியைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். கலர் எனப்படும் குளிர்பானம் குடிப்பதைப் பற்றிய வகுப்பு அது. 250 மில்லி கலரில் ஏறக்குறைய 25 கிராம் சர்க்கரை இருக்கிறது என்பதைக் காட்ட, ஒரு மாணவி ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையைக் கண்ணாடிக் குவளையில் போட்டுக் காட்டி, "தாகம் எடுத்தா தண்ணி குடிங்க" என்று முடித்தாள். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "எந்தத் தண்ணிய குடிக்கிறதுக்கா?" என்று கேட்டான். அவன் குறும்புக்குக் கேட்கவில்லை. பள்ளியின் மோட்டார் பழுதாகி அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது. காலை பதினொரு மணிக்கெல்லாம் குழாயில் காற்றுதான் வரும். வீட்டிலிருந்து கொண்டுவரும் ஒரு பாட்டில் தண்ணீர் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். கழிப்பறையிலும் தண்ணீர் இல்லாததால் பெண் பிள்ளைகள் அந்த ஒரு பாட்டிலையும் பயந்து பயந்துதான் குடித்தார்கள். வேலூர் வெயிலைத் தங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. அந்த வெயிலில் தாகத்தோடு நிற்கும் பிள்ளைக்கு வாசலில் பத்து ரூபாய்க்குக் கலர் கிடைக்கிறது.

அன்று மாலை அந்த மாணவி என் வீட்டுக்கு வந்து அழுதாள். அவளுடைய அம்மா விடியற்காலையிலிருந்து முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறவர். பாட்டிக்குக் காலில் வந்த சிறு புண், சர்க்கரை இருப்பதே தெரியாமல் முற்றிப்போய், சென்ற ஆண்டு பாதத்தையே எடுக்க வேண்டியதாயிற்று. சர்க்கரை என்ன செய்யும் என்பதை வீட்டில் பார்த்துத் தெரிந்துகொண்ட பிள்ளை அவள். "அவன் கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்ல டீச்சர்" என்றாள். அவளிடம் சொல்ல எனக்கும் பதில் இல்லை.

மறு வாரம் குழுப் பிள்ளைகளே ஒரு கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, பள்ளி வாசலிலிருந்து அளந்தார்கள். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. 100 கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், புகையிலை விற்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. முதல் எல்லைக்குள் அத்தகைய பண்டங்கள் விற்கும் நான்கு கடைகளும் இரண்டாம் எல்லைக்குள் புகையிலை விற்கும் இரண்டு கடைகளும் இருப்பதைக் குறித்துக்கொண்டு, தண்ணீர் இல்லாததையும் சேர்த்து இரண்டு பக்க மனு எழுதினார்கள். கடைக்காரர்களை விரட்டச் சொல்லவில்லை. அதில் ஒருவர் உடன் படிக்கும் பிள்ளையின் தாய். கலருக்குப் பதிலாக அவித்த வேர்க்கடலையும் கொய்யாவும் விற்க அவர்களுக்கு உதவ வேண்டும் என்றுதான் எழுதியிருந்தார்கள். பதின்மூன்று வயதில் எனக்கு அந்தப் பக்குவம் இருந்ததில்லை.

மனு கொடுத்துப் பத்து நாளில் குழு நின்றது. "படிக்க வந்தார்களா, புகார் எழுத வந்தார்களா?" என்று கேட்கப்பட்டதாக அறிகிறேன். படித்ததனால்தான் எழுதினார்கள் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். உறுதிமொழி எடுக்கவும், ஓவியப் போட்டியில் படம் வரையவும், விழாவில் பதாகை பிடிக்கவும் வேண்டியிருக்கும் பிள்ளைகள், தண்ணீர் இல்லை என்று உண்மையைச் சொன்னால் மட்டும் வேண்டாதவர்கள் ஆகிவிடுவது எந்த வகையில் நியாயம்?

சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-ஆம் ஆண்டில் ஒற்றைக் கட்டிலோடு மருத்துவம் தொடங்கிய ஊர் இது. இன்றும் நோயாளிகள் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ரயிலேறிக் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். அதே ஊரில் பீடி சுற்றும் தெருக்களில், கால் புரையோடிய பிறகே சர்க்கரை இருப்பது தெரிகிறது. தமிழ்நாட்டில் வயதுவந்தவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய ஆய்வு கூறுகிறது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் அவர்கள் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது, நன்றியுடன் சொல்கிறேன். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நாளை அதே மாத்திரை தேவைப்படாமல் இருக்கத்தான் வாரத்தில் ஒரு பாடவேளை கேட்கிறோம்.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். மோட்டாரைப் பழுது பார்த்துத் தாருங்கள். வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையைத் திருப்பிக் கொடுத்து, மாணவர் நலக் குழு மீண்டும் நடக்கட்டும் என்று எழுத்தில் ஆணையிடுங்கள். அதை யாரும் வாய்ச்சொல்லால் நிறுத்த முடியாதபடி இடுங்கள். பிள்ளைகள் எழுதிய கணக்கில் ஐயம் இருந்தால், ஒரு மாலை நேரில் வாருங்கள். முடிச்சுப் போட்ட அந்தக் கயிறு என் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. பிள்ளைகள் அதை எடுத்துக்கொண்டு தங்களோடு வந்து மீண்டும் அளந்து காட்டுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை ஒருவர்,
வேலூர்.