கவ்வாத்துக் கத்தி

அன்புள்ள மகளுக்கு,

மூன்றாவது வேலையையும் விட்டுவிட்டதாக நீ சொன்னபோது, "அம்மாயி புத்தி அப்படியே வந்திருக்கிறது" என்று என் வாய் தவறி வந்துவிட்டது. நம் வீட்டில் அது வசவு. என் அம்மாவைப் பெற்றவரை, உன் கொள்ளுப்பாட்டியை, உறவினர் எல்லோரும் ஓடுகாலி என்றே சொல்லி வந்தார்கள். நானும் அதையே உன் காதில் போட்டு வளர்த்துவிட்டேன்.

புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருபது வயதில் தாலியறுத்த அம்மாயி, அண்ணன் வீட்டுத் தொழுவத்தோடு காலம் முடிந்துவிடக் கூடாது என்று, 1938-இல் ஒரு கங்காணி திரட்டிய ஆட்களோடு சேர்ந்து மண்டபம் முகாமுக்குப் போய், தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கினார். கூலிகள் இலங்கைக்குப் போவதை அடுத்த ஆண்டே இந்திய அரசு தடுத்துவிட்டது. மலைநாட்டில் மறுமணம் செய்துகொண்டார், அம்மா பிறந்தார்.

அவர் தோட்டம் மாறிய கதைகளில் எனக்கு நன்றாகத் தெரிந்தது அட்டன் பக்கம் நடந்தது. தேயிலைச் செடிகளைக் கத்தரித்துவிடும் கவ்வாத்து அப்போது ஆண்களின் வேலை; பெண்களுக்குக் கொழுந்துக் கூடைதான், கூலியும் குறைவு. ஆள் குறைந்திருந்த ஒரு நாள் அம்மாயி கத்தியை வாங்கிக்கொண்டு, இடுப்பில் படங்கை, அதாவது சாக்குத்துணியை, கட்டி, ஆண்களுக்குச் சரியாக நிரை பிடித்து வெட்டி முடித்து, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் ஆண் பேர், அதாவது ஆண்களுக்கான நாள் கூலி, போடச் சொல்லி நின்றாராம். கணக்கப்பிள்ளை சிரித்தார். மறு வாரம் அம்மாயி வேறு தோட்டத்தில் இருந்தார். கத்தியும் அவரோடு போயிருந்தது. அது களவுதான், நான் மறுக்கவில்லை.

ஆனால், அந்த முறை அவர் மூன்று வயது அம்மாவை அடுத்த லயத்து வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டுப் போய் எட்டு மாதம் கழித்தே திரும்பி வந்து அழைத்துப் போனார். கூலிச் சண்டை எனக்குப் புரிகிறது, இது புரியவில்லை. அம்மா சாகும்வரை அந்த எட்டு மாதத்தைப் பற்றிப் பேசியதே இல்லை.

1948-ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அம்மாயியை நாடற்றவராக்கியது. 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தம் இந்தியாவுக்கு ஒதுக்கிய 5,25,000 பேரில் நம் குடும்பமும் இருந்தது. 1973-இல், எட்டு வயதுப் பிள்ளையாக, நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இராமேசுவரத்தில் இறங்கினேன். தனுஷ்கோடி 1964 புயலில் அழிந்துபோயிருந்தது. கரையில் எல்லோரும் அழுதார்கள். அம்மாயி மட்டும் கோத்தகிரிக்கு எந்தப் பேருந்து என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கத்தி என்னிடம் இருக்கிறது. பிடியில் அவர் சுற்றிய சேலைக்கிழிசல் கறுத்து மரத்தோடு ஒட்டிப்போய்விட்டது. முனை மட்டும் இன்னும் கூர்தான். பொங்கலுக்கு வரும்போது எடுத்துப் போ. விமானத்தில் கைப்பையில் வைத்துவிடாதே. பெரிய பெட்டியில், துணிகளுக்கு நடுவே வை.

அன்புடன்,
அம்மா