சிங்கப்பூர் உணவு அமைப்புக்கு: மீன் எந்தக் கடலிலிருந்து வந்தது என்று சொல்லுங்கள்

வணக்கம்.

2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங் முனையத்தில் ஒரு தூர்வாரும் கப்பல், நின்றிருந்த எரிபொருள் கப்பல்மீது மோதியது. ஏறக்குறைய 400 டன் எண்ணெய் கடலில் கலந்தது. செந்தோசாவில் கரை கறுத்துக் கிடந்த படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கியதுமே, மீன்குழம்புக்குப் பதில் கோழிக்குழம்பு கொதித்த வீடுகளை நான் அறிவேன். அக்டோபரில் புக்கோம் தீவருகே எண்ணெய்க் குழாய் கசிந்தபோதும் அதே பயம்தான்.

நாம் உண்ணும் கடலுணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இறக்குமதி. தேக்கா சந்தையில் பனிக்கட்டிமேல் கிடக்கும் வவ்வால் மீன் பெரும்பாலும் நம் கரையைப் பார்த்தே இராது. ஆனால் அதை வாங்குபவருக்கு யார் சொல்வது? மீன்காரரிடம் கேட்டால் "நல்ல மீன்க்கா, பயப்படாதீங்க" என்பார். அவர் வேறென்ன சொல்வார்!

பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2017 ஜனவரியில் மலேசியாவின் பாசிர் கூடாங் அருகே கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெய், ஜோகூர் நீரிணையில் உள்ள நம் மீன்பண்ணைகள்வரை வந்தது. சில பண்ணைகளின் விற்பனையை, உங்களுக்கு முன் உணவுப் பாதுகாப்பைக் கவனித்த வேளாண் உணவு, கால்நடை மருத்துவ ஆணையம் நிறுத்தியது. 2024 ஜூனிலோ பண்ணைகளுக்குப் பாதிப்பில்லை என்று நீங்கள் அறிவித்தீர்கள். இரண்டும் ஒன்றல்ல. சந்தையில் நிற்பவருக்கு மட்டும் இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. கொடுவாவும் களவாவும் வளர்க்கும் உள்ளூர்ப் பண்ணைக்காரர் தலையில்தான் அடி முழுவதும் விழுகிறது.

"கடலுணவு பாதுகாப்பானது" என்று பொதுவாகச் சொல்வது போதாது. மீனின் உடல் எண்ணெயின் நச்சுப்பொருள்களைப் பெருமளவு சிதைத்து வெளியேற்றிவிடும். நீரை வடிகட்டி உண்ணும் சிப்பிக்கு அந்தத் திறன் குறைவு. நச்சு அதன் சதையில் நெடுநாள் தங்கும். ஆகவே எதைச் சோதித்தீர்கள், எங்கே எடுத்தீர்கள், என்ன கண்டீர்கள் என்று மீன் தனியாக, சிப்பி தனியாக எழுதுங்கள். இணையத்தில் போட்டால் மட்டும் போதாது. ஈரச்சந்தைகளில், தமிழிலும், கண்ணில் படும்படி ஒட்டுங்கள். ஒவ்வொரு தட்டிலும் மீன் பிறந்த இடத்தை எழுதி வைக்கும்படி கடைக்காரர்களுக்கும் சொல்லுங்கள். ஏதேனும் ஒரு பண்ணையின் மீனை நிறுத்தி வைத்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அந்த ஒரு பண்ணையை ஒதுக்கிவிட்டு மற்றதை வாங்கிக்கொள்வோம்.

இப்படிக்கு,
தேக்காவில் மீன் வாங்கும் ஒரு குடும்பத் தலைவி