செயலாளரின் ஆண்டறிக்கை

நம் மாற்றுத்திறனாளிகள் சங்கத் தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு அறிக்கையின் நகல் வழக்கம்போல் அனுப்பப்படும்.

பொங்கல் விழா, ஓலைக் கொட்டான் முடையும் பயிற்சி, டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினக் கூட்டம் மூன்றும் நடந்தன.

இனி ஒலி அறை. பார்வையற்ற உறுப்பினர்கள் தாங்களே வாசித்து, பதிந்து, தொகுக்கும் மாத ஒலி இதழுக்கானது இது. "நல்ல மைக் ஒன்று வாங்கினால் போதாதா?" என்று செயற்குழுவிலேயே கேட்டதால் விவரமாக எழுத வேண்டியிருக்கிறது. கோளாறு மைக்கில் இல்லை. நமக்கு இடம் தந்த பழைய வீட்டில் முதலில் கிடைத்தது முகப்பை ஒட்டிய பெரிய ஹால். ஆத்தங்குடிக் கல் தரை, வழவழவென்ற சுண்ணாம்புப் பூச்சு, எட்டாத உயரத்தில் கூரை. என்ன விலைக்கு மைக் வாங்கினாலும் அங்கே எதிரொலியும் சேர்ந்தே பதியும். அதனால் வளவுப் (உள்முற்றம்) பக்கத்துச் சாமான் அறைக்கு மாறினோம். வீடு பல பங்காளிகளுக்குப் பொது. ஆணி அடிக்க எல்லோர் சம்மதமும் வேண்டும், பாதிப்பேர் வெளிநாட்டில். ஆகவே மூங்கில் சட்டம் நிறுத்தி, ஜமுக்காளத்தை இரட்டையாக மடித்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டோம். சுவரோடு ஒட்டிய துணி கீச்சுக்குரலை மட்டும்தான் அடக்கும். இடைவெளி விட்டால் கனத்த குரலின் எதிரொலியும் குறையும். முட்டை அட்டை ஒட்டும் யோசனையை ஏற்கவில்லை. மெல்லிய அட்டை ஒலியை அவ்வளவாக உறிஞ்சாது, தீப்பிடிக்கத்தான் வசதி.

மைக் வாயிலிருந்து ஒரு சாண், சற்றே பக்கவாட்டில் இருக்க வேண்டும். நேரே இருந்தால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று மோதும். ஒலி அளவு காட்டும் பட்டை பார்வையற்றவருக்கு உதவாது. எனவே பேச்சின் உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவே விழும்படி சரிபார்த்து, திருகில் அந்த இடத்தில் கல் பொட்டு ஒட்டியிருக்கிறோம், தடவினாலே தெரியும். அலங்காரம் என்று நினைத்து யாரும் பிய்க்க வேண்டாம். மின்விசிறியை நிறுத்தித்தான் பதிய வேண்டும் என்பதால் ஒரு அமர்வு 20 நிமிடம். முகூர்த்த நாளில் ஒலிபெருக்கி பாடும், அன்று பதிவில்லை.

ஒலி இதழுக்கு எழுதித் தருபவர்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ய வேண்டாம். கண்ணுக்குத்தான் அது தமிழ். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருளுக்கு ஆங்கில எழுத்துக் குப்பை. யூனிகோடு மட்டும். இதை மூன்று சுற்றறிக்கையில் சொல்லியாயிற்று.

சக்கர நாற்காலிக்கான சாய்தளம்: முன்வாசல் 30 அங்குல உயரம். 1 அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்ற கணக்கில் 30 அடி நீளம் வேண்டும், தெருவில் இடமில்லை. பின்வாசல் 8 அங்குலம்தான், 8 அடிப் பலகை போதும். ஆனால் ஒவ்வொரு நிலைப்படியிலும் சக்கர நாற்காலியை இருவர் பிடித்தாக வேண்டும். பிடிக்கப் பெயர் கொடுத்தவர்கள் நிறைய. வந்தவர்கள் பெயரைச் சொல்ல எனக்குக் குறிப்பேடு தேவையில்லை.

மொய் நோட்டில் பெயர் விடுபட்டால் மனம் வருந்தும் ஊர் இது. சந்தா நோட்டில் விடுபட்டால் ஏனோ யாரும் கேட்பதில்லை.

வரவும் செலவும் ஏறத்தாழ சமம். சிறு பற்றாக்குறை கைமாற்றில் சரிக்கட்டப்பட்டது. விவரம் பொருளாளரிடம். ஜமுக்காளங்கள் நன்கொடை. ஊரில் பேசப்படும் 'ஒலி அறைச் செலவு' என்பது மூங்கிலும் கயிறும்தான்.

இடம் தந்த பங்காளிகளுக்கும், தலைவர், பொருளாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு காது கேளாத உறுப்பினர்களுக்குக் காணொளி எடுக்க எண்ணம். திரையில் தமிழ் எழுத்தில் வசனம் ஓடவிட்டால் மட்டும் போதாது. அவர்கள் பேசும் இந்திய சைகை மொழிக்கு இலக்கணமே வேறு. சைகை மொழிபெயர்ப்பாளர் வந்துபோகச் செலவுண்டு. இதற்கிடையே, வீட்டில் கல்யாணம் வைத்திருப்பதால் சித்திரைக்குள் அறையைக் காலிசெய்து தரக் கேட்டிருக்கிறார்கள். மூங்கில் சட்டம் கழற்றி மாட்டக்கூடியது. 10 அடிக்கு 10 அடி இருந்தால் எங்கும் நிற்கும். பூட்டிக் கிடக்கும் அறைகள் நம் ஊரில் எத்தனை என்பது உறுப்பினர்களுக்குத் தெரியும்.