வளையமிட்ட புழுவுக்கு இட்ட பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வெளியான கடற்புழுச் செய்தியில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. படத்தில் இருப்பது கறுத்த உடலில் வெள்ளை வளையங்கள் கொண்ட புழு; அதன் கீழே அச்சாகியிருக்கும் பெயரோ லினியஸ் லாங்கிசிமஸ். அந்த இனம் ஐரோப்பாவின் அட்லாண்டிக் கரையோரங்களில் வாழ்வது. பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும், வெள்ளை வளையம் அதற்குக் கிடையாது. செய்தியில் வியந்து சொல்லப்பட்ட, 1864இல் ஸ்காட்லாந்துக் கரையில் ஒதுங்கிய 55 மீட்டர் புழுவும் அந்த இனமாகவே கருதப்படுகிறது. (இவ்வகைப் புழுக்கள் ரப்பர்போல் நீள்பவை என்பதால் அந்த அளவை நான் அப்படியே நம்புவதில்லை.) வளையங்களைப் பார்த்தால் நோட்டோஸ்பெர்மஸ் ஜெனிகுலேட்டஸ் என்னும் வேறோர் இனம் நினைவுக்கு வருகிறது, அதையும் ஒரே படத்தை வைத்து உறுதிசெய்ய முடியாது.

ஏனெனில், தலையின் இருபுறமும் நீளவாட்டில் பிளவு இருக்கிறதா, கண்புள்ளிகள் எத்தனை, குடலுக்கு மேலுள்ள உறையில் மடங்கிக் கிடக்கும் துதிக்கையில் (இரைபிடிக்க வெளியே வீசும் குழல் போன்ற உறுப்பில்) கூர்முள் உண்டா என்பவற்றையெல்லாம் பார்த்த பிறகே இவற்றின் குடும்பத்தைக்கூடச் சொல்ல இயலும். முதுகுப்புறமாக எடுத்த படத்தில் துதிக்கை தெரியவே தெரியாது. நெருங்கிய இனங்களைப் பிரித்தறிய, உடலை மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் பார்ப்பதே நெடுங்கால வழக்கம். இப்போது டிஎன்ஏ ஒப்பீடும் துணைக்கு வந்திருக்கிறது.

நானே ஒருமுறை, தெளிவான வரிகள் கொண்ட புழு ஒன்றைப் படம்கூட எடுக்காமல் நேரே ஆல்கஹாலில் இட்டேன். அது துதிக்கையை வெளியே வீசி, உடலை முறுக்கிக்கொண்டு, நான்கு துண்டாயிற்று. சில நாள்களில் வரிகளும் வெளுத்து, எந்தப் பெயருக்கும் பொருந்தாத வெண்துண்டுகளே மிஞ்சின. முதலில் உயிருடன் படமெடுத்து, மெக்னீசியம் குளோரைடு கரைசலில் தளரவிட்டு, டிஎன்ஏவுக்கென ஒரு சிறு துண்டை எத்தனாலிலும் எஞ்சியதை ஃபார்மலினிலும் வைத்திருக்க வேண்டும்.

மேலும், இதை ‘நாடாப்புழு’ என்று எழுதியதால், குடலில் ஒட்டுண்ணியாக வாழும் புழுவென்றே பலர் எண்ணியிருப்பார்கள். இது நெமெர்டியா என்னும் வேறு விலங்குத் தொகுதியைச் சேர்ந்தது. இத்தொகுதியில் பெரும்பாலானவை தாமாக இரைதேடி வாழ்பவை. இனப்பெயரை நீக்கிவிட்டு, ‘நெமெர்டியா தொகுதிக் கடற்புழு, இனம் உறுதிசெய்யப்படவில்லை’ என்று திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்