மாமாவின் ஸ்கேன்

அன்புள்ள கயல்விழிக்கு,

மனநல மருத்துவ மேற்படிப்பு முடிந்ததும் நோயாளிகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு மூளைப் படங்களை ஆராயும் பணிக்குப் போகலாமா என்று கேட்டிருந்தாய். முப்பது ஆண்டுகள் விலங்கியல் நடத்தியவள் அதை வேண்டாம் என்று சொல்வாளா? ஆனால் மாமாவுக்கு 1992இல் எடுத்த ஸ்கேனைப் பற்றி உன்னிடம் நான் முழுதாகச் சொன்னதில்லை.

அவனுக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டு அது. பாட்டியின் வளையல்களை அடகு வைத்துத்தான் எடுத்தோம். மாற்றம் ஏதும் இல்லை என்று எழுதியிருந்த அறிக்கையை எங்கள் கையில் கொடுத்தவர் அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தாத்தா அந்தத் தாளை மூன்று முறை படித்துவிட்டு, "மூளை நன்றாக இருக்கிறதென்றால் இவன் நடிக்கிறான்" என்றார். ஓராண்டு அவனோடு அவர் உட்கார்ந்து சாப்பிடவில்லை.

மறு ஆண்டே லண்டனில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. மனச்சிதைவு உள்ளவர்களுக்குக் குரல் கேட்கும் நேரத்தில், நாம் பேசும்போது வேலை செய்கிற புரோக்கா பகுதியில் ரத்த ஓட்டம் கூடுவதைப் படமெடுத்துக் காட்டியிருந்தார்கள். நீ சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். தாத்தா அதற்குள் போய்விட்டார். உன் துறையின் மேல் எனக்குள்ள மதிப்பும் ஆதங்கமும் அந்த ஓராண்டிலிருந்து வந்தவை.

பின்னர் வேறொரு மருத்துவர், இது வளர்ப்பின் குற்றமன்று, மூளை நோய் என்றார். அன்றிரவுதான் பாட்டி நன்றாகத் தூங்கினாள். ஆனால் சித்தியைப் பெண் பார்க்க வந்தவர்கள் அதையே பிடித்துக்கொண்டு, மூளை நோயென்றால் பரம்பரையில் வருமே என்று எழுந்து போனார்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பார். மூளையில் காரணம் கண்டுபிடிக்கப்பட்ட பைத்தியங்கள் உங்கள் துறையில் நிலைப்பதில்லை. மனநல விடுதிகளை நிரப்பியிருந்த ஒருவகைப் பைத்தியத்தில் இறந்தவர்களின் மூளையில் சிபிலிஸ் என்னும் மேகநோயின் கிருமியை 1913இல் நொகுச்சியும் மூரும் கண்டார்கள்; பெனிசிலின் வந்தபின் அது அங்கே அரிதாகிவிட்டது. திடீரென்று பிதற்றத் தொடங்கும் இளம்பெண்கள் சிலருக்கு உடலின் நோயெதிர்ப்புப் புரதங்களே மூளையைத் தாக்குகின்றன என்று 2007இல் டால்மாவின் குழு காட்டியதிலிருந்து, அவர்கள் நரம்பியல் வார்டுக்குப் போகிறார்கள். உங்களிடம் எஞ்சியிருப்பவர்கள் காரணம் பிடிபடாதவர்கள். மாமாவின் நோயை உறுதிப்படுத்த இன்றைக்கும் ரத்தப் பரிசோதனையோ படமோ கிடையாது. அவனிடமும் எங்களிடமும் கேட்டுத்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க மனநல ஆய்வு நிறுவனத்தை 13 ஆண்டுகள் நடத்திய தாமஸ் இன்செல், ஏறத்தாழ 2,000 கோடி டாலர் செலவிட்டும் தற்கொலைகளைக் குறைக்க முடியவில்லை என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

ஆகவே ஆய்வுக்குப் போ. வாரத்தில் ஒரு நாளாவது புறநோயாளிகள் பிரிவில் உட்கார். 'ஒன்றும் இல்லை' என்று எழுதிய தாளோடு வெளியே வருகிற குடும்பத்துக்கு அதன் பொருளைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

மாமா நலம். குரல்கள் இப்போது பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விட்டன என்கிறான். உன் எந்திரத்துக்குள் படுக்க அவனுக்குச் சம்மதமாம். ஆனால் படத்தில் அவர்கள் தெரிந்தால் முதலில் தன்னிடம்தான் சொல்ல வேண்டுமாம்.

அன்புடன்,
அம்மா