கல்ஃப் தீவுகள் வரைபடத்தின் பெயர் விளக்கங்களில் பிழை: புகார்

பெறுநர்:
மேலாளர், வரைபட வெளியீட்டுப் பிரிவு

பொருள்: கனடா, பிரிட்டிஷ் கொலம்பியா கடற்கரைப் பெயர்களுக்குத் தவறான விளக்கம் – திருத்தமும் மாற்றுப் பிரதியும் கோருதல்

ஐயா,

தங்களின் கல்ஃப் தீவுகள் தமிழ்ச் சுவர் வரைபடம் இரண்டு பிரதிகள் வாங்கினேன். தாளும் அச்சும் நன்றாக உள்ளன. ஓரத்தில் உள்ள பெயர் விளக்கங்கள்தான் வாசகரைத் தவறான வழியில் கொண்டுபோகின்றன.

டிரிங்கோமாலி கால்வாய்க்கு, 'திருகோணமலைத் தமிழர் குடியேறிய இடம்' என்று போட்டிருக்கிறீர்கள். நம் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் யாருக்கும் மனம் அப்படிப் போகும், ஆனால் அங்கே போனது கப்பல். திருகோணமலையின் பெயர் தாங்கிய அந்தப் பிரிட்டிஷ் போர்க்கப்பல் 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது. 1850களில் பசிபிக்கில் பணியாற்றியது. இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. பசிபிக்கில் அதன் தளபதியாக இருந்தவர் வாலஸ் ஹூஸ்டன். கால்வாயில் உள்ள வாலஸ் தீவும், அதற்கும் சால்ட் ஸ்பிரிங் தீவுக்கும் இடையிலுள்ள ஹூஸ்டன் பாசேஜ் என்ற கடல்வழியும் இந்த ஒருவர் பெயர்தான். தாங்கள் இருவராக்கி, இரண்டாமவரை டெக்சாஸ் நகரத்தோடும் சேர்த்துவிட்டீர்கள்.

சால்ட் ஸ்பிரிங் தீவின் கேஞ்சஸ் (கங்கை) துறைமுகத்திலும் இதே தவறு. அது யாத்திரிகர் வைத்த பெயரல்ல. 1821இல் பம்பாயில் கட்டிய 'கேஞ்சஸ்', அட்மிரல் பெய்ன்ஸின் கொடிக்கப்பல், அதாவது தலைமைக் கப்பல். அதே தீவிலுள்ள ஃபுல்ஃபோர்ட் துறைமுகம் அந்தக் கப்பலின் கேப்டன் பெயர். பர்கோயின் குடா அதன் கமாண்டர் பெயர். கப்பலைத் தவறவிட்டால் பக்கத்துப் பெயர்களும் சேர்ந்து தவறும்.

மிக மோசமானது, 'பிளம்பர் சவுண்ட்' என்பதைப் 'பிளம்பர் ஒலி' என்று மொழிபெயர்த்தது. அங்கே 'சவுண்ட்' என்பது தீவுகளுக்கு இடைப்பட்ட அகன்ற கடல்வழி. 'பிளம்பர்', கேப்டன் ரிச்சர்ட்ஸ் இந்தக் கரையை அளந்த கப்பல். குழாய் வேலைக்காரருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அக்கரையிலும் இக்கரையிலும் உள்ள மேய்ன், பெண்டர் தீவுகள் அதே கப்பலின் அதிகாரிகள் பெயரையே தாங்கியுள்ளன.

கப்பல், தளபதி, ஆண்டு என்ற மூன்று பத்திகள் கொண்ட அட்டவணை போட்டு, ஒவ்வொரு பெயரையும் மாகாண அரசின் இடப்பெயர்ப் பதிவேட்டில் சரிபாருங்கள். 'சவுண்ட்', 'பாசேஜ்' இரண்டையும் மொழிபெயர்க்காமல் அப்படியே விடுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்குத் திருத்தச் சீட்டும், எனக்குத் திருத்திய இரு பிரதிகளும் 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். இயலாவிட்டால் முழுத் தொகையையும் திருப்பித் தரவும். ரசீதின் நகலும் பிழைகளைச் சுழித்துக் காட்டிய ஒளிப்படங்களும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்